கஸ்காரா: முதல் சூடானிய வாளை வாங்குவோருக்கு ஒரு மதிப்புரை

சூடானின் மரபுவழி நேர்வாளான கஸ்காராவைச் சேகரிக்கத் தொடங்குபவரின் கண்ணில் முதலில் படுவது, அலகு முழுவதும் அரபு எழுத்துகள் பொறிக்கப்பட்டு, முதலைத்தோல் உறையில் செருகப்பட்டு, 19ஆம் நூற்றாண்டில் சூடானில் கிளர்ச்சி நடத்திய சமயத் தலைவர் மஹ்தியின் படைவீரனுடையது என்ற விளக்கத்துடன் ஏலப் பட்டியல்களின் முகப்பில் இடம்பெறும் வாள்தான். அதே பட்டியலின் பின்பக்கங்களில், எழுத்து எதுவுமின்றி, நிறம் மங்கிய தோலுறையுடன், விலையிலும் பல படி தாழ்ந்து காணப்படும் எளிய வாளை யாரும் புகழ்வதில்லை. நான் இங்கே மதிப்பிடுவது அந்த இரண்டாம் வகையைச் சேர்ந்த ஒரு வாளை. இங்கிலாந்தில் தொழில் நடத்தும் பழைய ஆயுத வணிகர் ஒருவரிடமிருந்து அஞ்சல் வழியாக வாங்கியது. முதல் வாளாக எதை வாங்கலாம் என்று கேட்பவருக்கு என் விடை, இத்தகைய எளிய வாளையே வாங்க வேண்டும் என்பதுதான். கஸ்காராவைப் பற்றித் தொடக்கத்தில் கற்க வேண்டியவை அனைத்தும் அதில் மறைப்பின்றித் தெரிகின்றன; பகட்டான வாளிலோ, அவற்றைக் காணவிடாமல் எழுத்தும் கதையும் மேலே படிந்திருக்கின்றன.

வகையை முதலில் அடையாளம் காண வேண்டும். கஸ்காரா இருபுறமும் கூருள்ள நேரான வாள். அலகின் நீளம் பெரும்பாலும் 90 சென்டிமீட்டரை ஒட்டியும், கைப்பிடியோடு சேர்த்த முழு நீளம் 1 மீட்டரை ஒட்டியும் அமையும். அலகுக்கும் பிடிக்கும் இடையே கையைக் காக்க இரும்பில் அடித்த குறுக்குக் காப்பின் இரு கைகளும் ஓரம் நோக்கிச் செல்லச் செல்ல அகலும். தோல் சுற்றிய மரப்பிடியின் தலையில் தட்டையான வட்டு வடிவக் குமிழ் இருக்கும். சூடானில் மட்டுமன்றி, மேற்கே சாட் நாட்டிலும் கிழக்கே எரித்திரியாவிலும் இவ்வாள் வழக்கில் இருந்தது. சகாராவின் துவாரெக் மக்களுடைய தக்கூபா வாளோடு இதைக் குழப்பி விற்பவர்கள் உண்டு. தக்கூபாவின் காப்பு குட்டையானது, பெரும்பாலும் தோலோ பித்தளையோ போர்த்தியது, அதன் குமிழ் அடுக்கடுக்காக உயர்ந்தது. கஸ்காராவின் காப்போ வெறும் இரும்பாக, நீண்டு, சிலுவைபோல் நிற்கும். இவ்வேறுபாட்டைப் புகைப்படத்திலேயே கண்டுகொள்ளலாம் என்பதால், இதில் தவறும் வணிகரின் மற்ற விளக்கங்களையும் ஐயத்துடன் படிப்பது நல்லது.

அந்தச் சிலுவைத் தோற்றம்தான் இவ்வாளைச் சுற்றிய மிகப் பழைய கட்டுக்கதைக்கு வித்திட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சூடானில் போரிட்ட பிரிட்டிஷ் படையினர், எதிரிகளின் கையில் இருந்தவை சிலுவைப் போர் வீரர்களிடமிருந்து கைப்பற்றப்பட்டுத் தலைமுறை தலைமுறையாக வந்த வாள்கள் என்று நம்பினர், அந்நம்பிக்கை ஏல விளக்கங்களில் இன்றும் தலைகாட்டுகிறது. வாளின் வடிவத்தை விளக்க அந்தக் கதை தேவையே இல்லை. நேரான இருபுறக் கூர்வாள் அரபு உலகில் இஸ்லாத்தின் தொடக்க நூற்றாண்டுகளிலேயே வழக்கில் இருந்தது. பிற்காலத்தில் ஐரோப்பிய அலகுகள் சூடானுக்கு வந்தது உண்மை. ஆனால் அவை போர்க்களத்தின் வழியாக வரவில்லை, வணிகத்தின் வழியாகவே வந்தன. 1814இல் நைல் நதிக்கரையிலுள்ள ஷெந்திச் சந்தையைக் கண்ட சுவிஸ் பயணி யோகான் லூட்விக் புர்க்ஹார்ட், ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் செய்யப்பட்ட அலகுகள் கெய்ரோ வழியாகத் தெற்கே விற்பனைக்குச் செல்வதைப் பதிவு செய்திருக்கிறார். ஆகவே ஒரு கஸ்காராவின் அலகு ஐரோப்பாவில் செய்யப்பட்டதாக இருந்தாலும், அது ஆப்பிரிக்கச் சந்தைக்கென்றே செய்து அனுப்பப்பட்ட சரக்கு என்று கொள்வதே பொருத்தம். காப்பும் பிடியும் உறையும் சூடானிலேயே செய்து பொருத்தப்பட்டன.

இனி என் கையிலுள்ள வாளுக்கு வருகிறேன். அலகின் நீளம் 91 சென்டிமீட்டர். காப்பருகே அகலம் 4.5 சென்டிமீட்டர், தடிமன் காப்பருகே 5 மில்லிமீட்டராகத் தொடங்கி, நுனியருகே 2 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாக மெலிகிறது. இந்த மெலிவைத்தான் நான் முதலில் அளந்தேன். காட்சிக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் வெட்டியெடுத்த தகடுகளில் தடிமன் தொடக்கம் முதல் முடிவு வரை ஒன்றாகவே இருக்கும், கையில் எடுத்தால் இரும்புச் சட்டத்தைத் தூக்குவது போலிருக்கும். வெட்டுவதற்கென்று செய்யப்பட்ட அலகில், கொல்லர் நுனியை நோக்கி உலோகத்தைக் குறைத்துக்கொண்டே சென்றிருப்பார். என் வாளின் நுனி ஊசியாகக் கூம்பாமல் வளைந்து முடிகிறது; குத்துவதைவிட வீசி வெட்டுவதற்கே பழகிய ஒரு வாள்மரபின் நுனி அது. புதிதாக வாங்குபவர் அளவுகோலால் நீளத்தையும் அகலத்தையும் மட்டும் கேட்டு நின்றுவிடாமல், குறைந்தது மூன்று இடங்களில் தடிமனை அளந்து அனுப்பும்படி விற்பவரிடம் கேட்க வேண்டும் என்பேன். என் வணிகர் அதை முதலில் தரவில்லை. கேட்டபின் முகம் சுளிக்காமல் அளந்து அனுப்பினார்.

அலகின் நடுவே மூன்று குறுகிய நீள்பள்ளங்கள் காப்பிலிருந்து நீளத்தின் பாதிக்கும் மேலாக ஓடுகின்றன. சோலிங்கன் பட்டறைகளின் பள்ளங்கள் இயந்திரச் சாணையில் எடுக்கப்பட்டவை. அவை நூல் பிடித்தாற்போல் நேராக, ஒரே ஆழத்தில், ஒரே இடத்தில் முடியும். என் வாளின் பள்ளங்கள் அப்படியில்லை. நடுப்பள்ளம் மற்ற இரண்டையும்விட ஒரு விரல் அகலம் முன்னதாகவே முடிந்துவிடுகிறது. ஓரப் பள்ளங்களில் ஒன்று, முடியும் இடத்தில் சற்றே வெளிப்புறம் விலகுகிறது. உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால் அடியில் அரம் ஓடிய நீண்ட கோடுகள் தெரிகின்றன. இது உள்நாட்டுக் கொல்லரின் கைவேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பல சேகரிப்பாளர்கள் இவ்விடத்தில் ஏமாற்றமடைகின்றனர், ஐரோப்பிய அலகு என்றால் உயர்வு, நாட்டு அலகு என்றால் தாழ்வு என்ற எண்ணம் விலையிலும் ஊறிப்போயிருக்கிறது. எனக்கு அந்த எண்ணத்தில் உடன்பாடில்லை. சூடானிய வாளைப் பற்றி அறிய விரும்புபவருக்குச் சூடானியக் கொல்லர் அடித்த அலகுதான் முதன்மையான ஆவணம். சோலிங்கன் அலகு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அது வணிக வரலாற்றுக்கே கூடுதலாகச் சான்று கூறும்.

பள்ளங்களின் தொடக்கத்தில், அலகின் இருபுறமும் இரட்டை அரைநிலா முத்திரைகள் இருக்கின்றன. நிலாவுக்குள் மனித முகம் தெரியும் இந்த முத்திரை ஐரோப்பிய அலகுகளில் தொடங்கியது. ஓடும் ஓநாய், சிலுவை தாங்கிய உருண்டை ஆகியவையும் அவ்வாறே. அவற்றுக்கு இருந்த நற்பெயரைக் கண்ட உள்நாட்டுக் கொல்லர்கள் தங்கள் அலகுகளிலும் அவற்றைப் பொறித்தனர், காலப்போக்கில் அவை தரத்தைக் குறிக்கும் அடையாளமாகவே ஆகிவிட்டன. ஆகவே அரைநிலா இருப்பதைக் கண்டவுடன் சோலிங்கன் என்று எழுதிவிடுவது விற்பவரின் அவசரம். என் வாளின் நிலாக்களில் மூக்கும் கண்ணும் இரண்டு கீறல்களாகவே இருக்கின்றன; ஒரு பக்கத்து நிலா மறுபக்கத்து நிலாவோடு அளவில் ஒத்துப்போகவில்லை. வணிகரின் பட்டியல் இதை ஜெர்மானிய அலகாக இருக்கக்கூடும் என்று குறித்திருந்தது. அந்த ஒரு சொற்றொடருக்காக விலையில் ஏதேனும் சேர்க்கப்பட்டிருந்தால், அது சேர்க்கக் கூடாத தொகை.

எஃகைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. கிழக்குச் சூடானின் கசாலா நகரம் வாள் செய்வோருக்குப் பெயர்பெற்றது. சுற்றியுள்ள பெஜா மக்களுக்கு அங்கிருந்தே வாள்கள் சென்றன. 20ஆம் நூற்றாண்டில் லாரிகள் வந்தபின் அவற்றின் பழுதடைந்த ஸ்பிரிங் பட்டைகளே அக்கொல்லர்களின் முக்கியமான மூலப்பொருளாயின. இதைக் கேட்டதும் புதிய சேகரிப்பாளர் முகம் வாடுகிறார், பழைய இரும்பை உருக்கி மந்திரம் சொல்லி அடித்த வாளை அவர் எதிர்பார்த்திருப்பார். ஆனால் ஸ்பிரிங் பட்டை என்பது வளைந்து மீண்டும் நேராவதற்கென்றே தேர்ந்த எஃகு. நீண்ட, மெல்லிய, வளையும் தன்மையுள்ள வாளலகுக்கு அதைவிட ஏற்ற பொருளை ஒரு சந்தைக் கொல்லர் எங்கிருந்து பெறுவார்? என் வாளின் அலகும் அத்தகைய எஃகுதான் என்பது என் கணிப்பு. மெதுவாக வளைத்து விட்டால் நேர்க்கோட்டுக்குத் திரும்புகிறது. இருப்பினும், பழைய வாளை வளைத்துச் சோதிக்கும் பழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஒன்று இருந்தால் சோதனையே கடைசிச் சோதனையாகிவிடும்.

விளிம்புகள் இன்னொன்றைக் கூறுகின்றன. அலகின் கீழ்மூன்றில் ஒரு பகுதியில் ஒருபக்க விளிம்பு மற்றதைவிடத் தெளிவாகத் தேய்ந்து உள்வாங்கியிருக்கிறது. பலமுறை சாணை பிடித்ததன் விளைவு அது. ஒரே பக்கம் மட்டும் அப்படித் தேய்ந்திருப்பது, உரிமையாளர் இருபுறக் கூரையும் ஒருபோலப் பயன்படுத்தவில்லை என்பதைக் காட்டுகிறது. இவ்வாளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பட்டியலிலோ இதற்கு ஒரு வரியும் இல்லை.

காப்பு வேறொரு வாளிலிருந்து வந்தது என்று உறுதியாகக் கூறலாம். கஸ்காராவின் காப்பில், குறுக்குக் கைகளோடு, அலகின் மேலும் பிடியின் மேலும் படியும் நாக்குப் போன்ற நீட்சிகள் உண்டு. நல்ல பொருத்தத்தில் அந்த நாக்குகள் அலகை இருபுறமும் கவ்விக்கொண்டு அசையாமல் நிற்கும். என் வாளில் காப்பின் துளை அலகைவிடச் சற்று அகலமாக இருப்பதால், இடைவெளியில் ஒரு மெல்லிய இரும்புத் துண்டு ஆப்பாக அடிக்கப்பட்டிருக்கிறது. துருவின் தன்மையும் வேறு: காப்பில் ஆழமான, கருமையேறிய பழங்குழிகள், அலகில் மேலோட்டமான படலம் மட்டுமே. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சூடானில் வாள் என்பது பகுதி பகுதியாக வாழ்ந்த பொருள். அலகு முறிந்தால் காப்பு புதிய அலகுக்குச் சென்றது, பிடியின் தோல் கிழிந்தால் மறுசுற்று நடந்தது, உறை இற்றுப்போனால் சந்தையில் புதியது கிடைத்தது. எனவே இந்த வாள் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்ற கேள்வியையே புதிய சேகரிப்பாளர் கைவிட்டு, அலகுக்கு ஒரு காலம், காப்புக்கு ஒரு காலம், உறைக்கு ஒரு காலம் என்று தனித்தனியே கேட்கப் பழக வேண்டும். ஒற்றை ஆண்டைச் சொல்லி விற்கும் எந்தப் பட்டியலும், இந்த வகையைப் பொறுத்தவரை, ஏதோ ஒரு பகுதியைப் பார்க்காமல் எழுதப்பட்டது.

பிடி குட்டையானது. என் கை அதில் இறுக்கமாகவே பொருந்துகிறது. வட்டுக் குமிழ் உள்ளங்கையின் அடிப்பகுதியில் வந்து முட்டுவதால், மணிக்கட்டை மடக்கிச் சுழற்றுவதைவிட, தோளிலிருந்து வீசுவதே இயல்பாக வருகிறது. குமிழ் தோல் போர்த்த மரமாக இருப்பதால் எதிர் எடை எதுவும் இல்லை. சமநிலைப் புள்ளி காப்பிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் தள்ளியே விழுகிறது. ஐரோப்பிய வாள்களைக் கையாண்டவர்களுக்கு இது முன்கனமாகத் தோன்றலாம். வெட்டுவாளுக்கு அது குறையாகாது, வாளின் மொத்த எடை குறைவாக இருக்கும்போது அந்த முன்கனம் வெட்டுக்குத் துணையாகவே அமைகிறது.

உறைக்கு வருவோம். கஸ்காராவின் உறை கீழ்ப்பகுதியில் இலைபோல் விரிந்து, பிறகு குறுகி முடியும். உள்ளே செல்லும் அலகோ அப்படி எங்கும் விரிவதில்லை. அழகுக்காகவே வந்த விரிவு என்று அதைக் கொள்ளலாம், தொலைவிலிருந்து ஒரு சூடானிய வாளை அடையாளம் காட்டுவதும் அதுதான். உறையின் மேற்பகுதியிலுள்ள தோல் பட்டைகளில் இருக்கும் வளையங்களில் வாரைக் கோத்து, வாளைத் தோளிலிருந்து தொங்கவிட்டு மேற்கைக்கும் விலாவுக்கும் இடையே அணிவர். முதுகின் குறுக்காக அணிவதும் உண்டு. என் வாளின் உறை செந்நிறத் தோலால் ஆனது, அச்சுப் பதித்த கோட்டு அலங்காரம் கொண்டது, மர உள்ளீடு இல்லாதது. தையலில் இருப்பது செயற்கை இழை நூல். அந்த ஒரு நூலே உறையை 1940க்குப் பின்னால் தள்ளிவிடுகிறது. கிழக்குச் சூடானில் பெஜா ஆடவர் வாள் அணிவது அண்மைக் காலம் வரை தொடர்ந்த வழக்கம். சூடானியத் திருமணங்களில் ஜிர்திக் சடங்கின்போது மணமகன் கையில் வாள் ஏந்துவதும் உண்டு. ஆகவே புதிய உறைக்கான தேவை ஒருபோதும் அற்றுப்போகவில்லை. பின்னாளைய உறை என்பதற்காகப் போலி என்று ஒதுக்குவது, வாழும் மரபை அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் அடைத்துப் பார்க்கும் பழக்கத்தால் வருவது.

இத்தனைக்கும் மேலாக, வணிகரின் பட்டியல் இவ்வாளை, கார்ட்டூமுக்கு எதிர்க்கரையிலுள்ள உம்துர்மான் நகரின் போர்க்களத்திலிருந்து வந்தது என்று அறிவித்திருந்தது. முகம்மது அகமது 1881இல் தம்மை மஹ்தியாக, அதாவது இறைவனால் வழிகாட்டப்பட்ட மீட்பராக, அறிவித்துக்கொண்டார். 1885 ஜனவரி 26 அன்று அவருடைய படை கார்ட்டூமைக் கைப்பற்றியது, நகரைக் காத்து நின்ற பிரிட்டிஷ் ஜெனரல் கார்டன் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூனில் மஹ்தியும் இறந்தார். அவருக்குப்பின் ஆட்சி நடத்திய கலீஃபா அப்துல்லாஹியின் படையைத் தளபதி கிச்சனரின் பிரிட்டிஷ்–எகிப்தியப் படை 1898 செப்டம்பர் 2 அன்று உம்துர்மானுக்கு அருகே கராரியில் முறியடித்தது. இயந்திரத் துப்பாக்கிகளுக்கும் பீரங்கிகளுக்கும் எதிராக வந்தவர்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அன்று மாண்டனர். களத்தில் கிடந்த வாள்களும் ஈட்டிகளும் நினைவுப் பொருள்களாகப் பிரிட்டனுக்குச் சென்றன. இன்று அங்குள்ள வணிகர்களிடம் கஸ்காரா இவ்வளவு எளிதாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அதற்குப்பின் 1956 வரை நீடித்த பிரிட்டிஷ்–எகிப்தியக் கூட்டு ஆட்சிக் காலத்தில், அதிகாரிகளும் பயணிகளும் சந்தையில் விலைகொடுத்து வாங்கிச் சென்ற வாள்கள் ஏராளம். வீட்டுக்கு வந்தபின் அவற்றுக்கும் உம்துர்மான் என்ற பெயரே சூட்டப்பட்டது. கடிதமோ, அக்காலப் புகைப்படமோ, படைப்பிரிவின் பதிவோ இல்லாத நிலையில், உம்துர்மான் என்ற சொல்லுக்கு ஒரு காசும் கூடுதலாகத் தரக்கூடாது. செயற்கை இழையால் தைத்த உறையோடு அந்தச் சொல்லை எழுதுவது எனக்குச் சற்று வேடிக்கையாகவே பட்டது.

அதே வணிகரிடம் எழுத்து பொறித்த வாள் ஒன்றும் விற்பனையில் இருந்தது. ஒப்பிடுவதற்காக அதன் படங்களையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். துலுத் என்ற அலங்கார அரபு எழுத்துமுறையில் அலகு முழுவதும், காப்பிலும்கூட, அமிலத்தால் அரித்து எழுதப்பட்டிருந்தது. இவ்வகை எழுத்தலங்காரம் மஹ்தியக் காலத்தோடு தொடர்புடையது என்பது பொதுவாக ஏற்கப்பட்டதே. ஆனால் அதே எழுத்துகள் கூரில்லாத மெல்லிய தகட்டில் வெட்டிய எறிகத்திகளிலும் நிறைந்திருப்பதைக் காணும்போது, அவற்றுள் பெரும்பகுதி சண்டைக்கெனச் செய்யப்படவில்லை என்பது விளங்கும். சின்னமாகவோ விழாப்பொருளாகவோ விற்பனைச் சரக்காகவோ செய்யப்பட்டவை அவை. நான் பார்த்த வாளில், அலகின் பழைய துருக்குழிகளுக்குள்ளும் எழுத்தின் விளிம்பு தெளிவாக இறங்கியிருந்தது. அதாவது, அலகு துருப்பிடித்துக் குழிவிழுந்த பிறகு எழுதப்பட்ட எழுத்து. இதைக் கேட்டபோது வணிகர் நேரடியாக மறுக்கவுமில்லை, ஏற்கவுமில்லை. அந்த வாளின் விலை நான் வாங்கியதைப் போலப் பல மடங்கு. அதன் உறையில் இருந்தது நைல் முதலையின் தோல். அது, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள உயிரினம் என்பதால், உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் நாட்டு எல்லையைக் கடக்க முடியாது. முதலைத்தோல் கைப்பிடியும் உறையும் கொண்ட வாள்கள் கூட்டு ஆட்சிக் காலத்தில் பயணிகளிடையே விரும்பி வாங்கப்பட்டவை. அவற்றைப் போர்வாள் என்று நம்பி வாங்குபவர், சுங்கச் சாவடியில் ஒரு சிக்கலையும் சேர்த்தே வாங்குகிறார்.

மேற்குச் சூடானிலுள்ள டார்ஃபூரின் கடைசி சுல்தானாக 1916 வரை ஆண்ட அலி தினாருடன் தொடர்புடைய வெள்ளிப்பிடி வாள்களும் சந்தையில் அவ்வப்போது பேசப்படுகின்றன. புதியவர் அப்பக்கம் போக வேண்டியதில்லை.

சேவையைப் பற்றி எழுதினால், குறையும் நிறையும் கலந்தே வரும். படங்கள் தெளிவாக இருந்தன, நல்ல வெளிச்சத்தில் எடுக்கப்பட்டிருந்தன. ஆனால் காப்பும் அலகும் சேரும் இடத்தின் அண்மைப் படம் ஒன்றுகூட இல்லை. கஸ்காராவில் முதலில் பார்க்க வேண்டிய இடமே அதுதான். எடை குறிப்பிடப்படவில்லை. கேள்விகளுக்கு மறுமொழி விரைவாகவும் மரியாதையாகவும் வந்தது. பொதி கட்டியதில் அலகுக்குப் போதிய பாதுகாப்பு இருந்தது. உறையை மட்டும் நெகிழித் தாளில் காற்றுப் புகாமல் சுற்றி அனுப்பியிருந்தனர், திறந்தபோது தோலில் ஈரத்தின் வாடை இருந்தது. பழைய தோலுக்கு அதைவிடத் தீங்கானது இல்லை, பருத்தித் துணியில் சுற்றி அட்டைக் குழாயில் வைத்தாலே போதுமாக இருந்திருக்கும். விலை, வாளுக்கு நியாயமானது. வாளோடு சேர்த்து விற்ற கதைக்கு அதில் எவ்வளவு என்பதைத்தான் என்னால் பிரித்தறிய முடியவில்லை.

வாங்கியபின் செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. பளபளப்பாகத் தேய்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். தேய்த்தால் துருவோடு முத்திரையும், அரத்தின் கோடுகளும், சாணையின் சுவடுகளும் போய்விடும். மெல்லிய எண்ணெயாலோ நுண்படிக மெழுகாலோ ஒரு படலம் பூசினால் அலகுக்குப் போதும். அலகை உறைக்குள் வைத்துச் சேமிக்கக் கூடாது, ஏனெனில் பதனிட்ட தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து அலகைத் துருவேற்றும். தோலில் எண்ணெய் ஊற்றும் வழக்கமும் வேண்டாம். அப்போதைக்கு மென்மையானது போல் தோன்றினாலும், நிறம் கருகி, தையல் தளர்ந்துவிடும்.

இன்றைய நிலையில் இவை எல்லாவற்றுக்கும் முன்னதாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த வாள் சூடானை விட்டு எப்போது வெளியேறியது? 2023 ஏப்ரல் 15 அன்று சூடான் இராணுவத்துக்கும் விரைவு ஆதரவுப் படை என்ற துணை இராணுவத்துக்கும் இடையே வெடித்த போரில், கார்ட்டூமிலுள்ள சூடான் தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. உம்துர்மானில் கலீஃபாவின் இல்லத்தில் இயங்கிய அருங்காட்சியகமும் தப்பவில்லை. மஹ்தியக் காலத்து ஆயுதங்களும் உடைமைகளும் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த இடம் அது. 2024 செப்டம்பரில் யுனெஸ்கோ, சூடானின் பண்பாட்டுச் சொத்துகளை வாங்குவதிலும் கைமாற்றுவதிலும் ஈடுபட வேண்டாம் என்று பொதுமக்களையும் கலைச்சந்தையையும் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது. இந்த வேண்டுகோளைப் பெரிய சிலைகளுக்கும் கல்வெட்டுகளுக்கும் மட்டுமே உரியது என்று ஒதுக்குவது முறையன்று. அண்மையில் சந்தைக்கு வந்த, முந்தைய உரிமையாளர் பற்றிய விவரம் இல்லாத, வழக்கத்துக்கு மாறாகச் சிறந்த ஒரு கஸ்காரா, விலை மலிவாக இருக்கும்போதுதான் கூடுதல் ஐயத்துக்குரியது. அருங்காட்சியக எண் பொறித்த சுவடோ, அடையாளச் சீட்டை ஒட்டிப் பிய்த்த தடமோ பிடியிலும் உறையின் பின்புறத்திலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போருக்கு முன்பே சூடானுக்கு வெளியே இருந்தது என்பதற்கு எழுத்துச் சான்று கேட்பது வணிகரை அவமதிப்பதாகாது. நேர்மையான வணிகருக்கு அது வழக்கமான கேள்வி.

நான் பணம் செலுத்துவதற்கு முன் இக்கேள்வியை எழுத்தில் கேட்டேன். உம்துர்மான் கதைக்கு எந்த ஆதாரமும் தர இயலாத அதே வணிகர், இதற்கு மட்டும், இங்கிலாந்தின் ஒரு வட்டார ஏலத்தில் போருக்குப் பல ஆண்டுகள் முன்னரே அவர் வாங்கியதற்கான சீட்டின் நகலை அனுப்பினார். ஏலச் சீட்டில் வாளின் விளக்கமாக இருந்தது ஆப்பிரிக்க வாள், தோலுறையுடன் என்பது மட்டுமே. அந்தச் சீட்டு வராமல் போயிருந்தால் இந்த வாளை வாங்கியிருக்க மாட்டேன்.